கருவறையும் உணவு அரசியலும்: தாய்மாரின் ‘வாழ்க்கைமுறை’ பற்றிய இரு ஆய்வுகளின் சமூக வரலாறு

கருவுற்ற பெண் எதை உண்கின்றாள், எவ்வாறு வாழ்கின்றாள் என்பதற்கும் அவள் ஈன்றெடுக்கும் குழந்தை பிற்காலத்தில் மிகை உடற்பருமன் உடையதாக வளர்வதற்கும் தொடர்புண்டு என்பது இன்று மருத்துவ உலகிற் பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். தாய் சேய் நலக் கிளினிக்குகளின் சுவரொட்டிகளிலும், பத்திரிகைகளின் மகளிர் பக்கங்களிலும் இக்கருத்து அறிவுரையாக வடிவெடுத்துள்ளது. இலக்கியத் துறையைச் சார்ந்த நான் இவ்விடயத்தினுட் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். என்னை இதன்பால் ஈர்த்தது மருத்துவமன்று. இவ்வறிவுரைகளின் வாக்கிய அமைப்பே. அவற்றின் எழுவாய் எப்பொழுதும் ‘தாய்’. அவள் உண்கின்றாள், உண்ணாது விடுகின்றாள், உடற்பயிற்சி செய்யத் தவறுகின்றாள். ‘வாழ்க்கைமுறை’ என்னும் சொல் இவ்வாக்கியங்களிற் பயிலும் பாங்கு, அது அங்காடியில் தெரிந்தெடுத்து வாங்கப்படும் ஒரு பண்டம் என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றது.

கர்ப்பிணியின் உணவு பிறருடைய கதைக்குப் பயன்படுவது நமக்குப் புதிதன்று. புறநானூற்றின் 20ஆம் பாட்டிற் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னன் ஒருவனைப் புகழ்கின்றார். அவனது மண்ணை வேட்கைகொண்ட சூல்மகளிர் உண்பரேயன்றிப் பகைவர் உண்ணார் என்பது அங்கு வரும் கருத்து. மண் தின்னும் இவ்வேட்கையை இன்றைய மருத்துவர் இரும்புச்சத்துக் குறைபாட்டுடன் தொடர்புபடுத்துவர். உரையாசிரியரும் நயம் உரைப்போரும் மன்னனின் காவற்சிறப்பையே கண்டனர். அப்பெண்கள் வேறு எதனை உண்டனர் என்று கேட்டார் எவருமிலர்.

தாயின் உணவுக்கும் பிள்ளையின் பருமனுக்குமுள்ள தொடர்பினை நிறுவிய ஆய்வுகளுள் இரண்டு மிக முக்கியமானவை. ஒன்று 1944–45 இன் நெதர்லாந்துப் பஞ்சம் பற்றியது. மற்றையது ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற் கீலா நதிக்கரையில் வாழும் பீமா மக்களைப் பற்றியது. இவ்விரு ஆய்வுகளிலும் இடம்பெற்ற தாய்மார் தமது உணவைத் தாம் தெரிவுசெய்யும் நிலையில் இருந்தவரல்லர். முதலாவதில் உணவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியோரும், இரண்டாவதில் நதிநீரைக் கைப்பற்றியோருமே அவர்களது உணவை நிர்ணயித்தனர். எனினும் அவ்வாய்வுகளின் முடிவுகள் இன்று தனித்தனித் தாய்மாருக்கான புத்திமதிகளாக மாற்றப்பட்டுள்ளன. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

தாயைக் குற்றவாளியாக்கும் போக்கிற்கு ஒரு முன்வரலாறு உண்டு. தென்னாபிரிக்காவிற் போயர் யுத்தம் (1899–1902) நடந்தபொழுது பிரித்தானியப் படையிற் சேரவந்த தொழிலாள வர்க்க இளைஞருட் பெருந்தொகையினர் உடற்றகுதியின்மையால் விலக்கப்பட்டனர். சாம்ராச்சியத்தைக் காக்க வேண்டிய உடல்கள் மெலிந்து கிடந்தமை ஆளும் வர்க்கத்தைக் கலக்கமுறச் செய்தது. இதுபற்றி ஆராய்ந்த குழு 1904இல் அறிக்கை வெளியிட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு உணவளித்தல் முதலிய பயனுள்ள பரிந்துரைகள் அதில் இருந்தன என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் தொழிலாளர் வீட்டுத் தாய்மாரின் அறியாமை அதில் ஒரு பெருங் காரணமாகப் பேசப்பட்டது. இதற்குத் தக்க விடையளித்தோர் ஃபேபியன் மகளிர் குழுவினர். 1909 முதல் இலண்டனின் லாம்பெத் பகுதியில், பேறுகாலத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து குழந்தைக்கு ஒரு வயது நிரம்பும்வரை தாய்மாருக்கு ஊட்டவுணவுக்கான உதவியளித்து, அவர்களை வாராவாரம் கண்டு வீட்டுக் கணக்கை எழுதச் செய்தனர். அக்கணக்குகளைக் கொண்டு மோட் பெம்பர் ரீவ்ஸ் 1913இல் வெளியிட்ட ‘வாரத்துக்கு ஒரு பவுண் அளவில்’ என்ற நூல், அவ்வருவாயில் எத்தகைய அறிவுடைய பெண்ணும் அதைவிடச் சிறப்பாகக் குடும்பம் நடத்தவியலாது என்பதை எண்களாற் காட்டிற்று. கிடைத்த இறைச்சி உழைக்கும் கணவனுக்கே போயிற்று, எஞ்சியதே தாய்க்கு. லாம்பெத் அடுக்களையில் மட்டும் நடந்ததன்று இது என்பதை நமது வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நெதர்லாந்துக்கு வருவோம். 1944 செப்டெம்பர் 17ஆம் திகதி நேச நாட்டுப் படையினர் ஆர்னெம் பாலத்தைக் கைப்பற்றும் நோக்குடன் வானிலிருந்து இறங்கினர். அவர்களுக்குத் துணையாக, இலண்டனில் இருந்த ஒல்லாந்து அரசாங்கம் புகையிரதத் தொழிலாளரை வேலைநிறுத்தஞ் செய்யுமாறு பணித்தது. தொழிலாளர் அவ்வழைப்பை ஏற்றனர். படையெடுப்புத் தோல்வியுற்றது, வேலைநிறுத்தமோ தொடர்ந்தது. பழிவாங்கும் முகமாக நாசி ஆக்கிரமிப்பு நிர்வாகம், கிழக்கு, வடக்கு விவசாய மாகாணங்களிலிருந்து மேற்கு நகரங்களுக்கு உணவு கொண்டுசெல்லப்படுவதைத் தடைசெய்தது. நவம்பரில் நீர்வழிப் போக்குவரத்துக்கு இத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டபொழுது குளிர்காலம் முந்திக்கொண்டது; கால்வாய்கள் உறைந்தன. ஆம்ஸ்டர்டாமில் ஓராளுக்குரிய நாட்பங்கீடு நவம்பர் இறுதியில் 1,000 கலோரிக்குக் கீழே சென்றது. டிசெம்பர் முதல் ஏப்ரில் வரை 400க்கும் 800க்கும் இடையில் நின்றது. மக்கள் சீனிக்கிழங்கையும் ரியூலிப் பூவின் கிழங்கையும் அவித்துண்டனர். கூப்பன் காலத்தை அறிந்த நம்மவர்க்குப் பங்கீட்டுப் புத்தகம் என்றால் என்னவென்று விளக்க வேண்டுவதில்லை. ஆனால் கூப்பன் இருந்தும் அதற்கீடாகக் கடையில் ஒன்றுமில்லாத நிலை வேறு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் விசேட பங்கு விதிக்கப்பட்டிருந்தது. பஞ்சம் உச்சமடைந்த வேளையில் அதனையும் வழங்க முடியவில்லை. 1945 மே மாத விடுதலைக்கு முன்னர் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

எல்லோரும் ஒரே அளவிற் பட்டினி கிடந்தனரா? இல்லை. நகை, பட்டு, படுக்கைவிரிப்பு உடையோர் அவற்றைச் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்று உருளைக்கிழங்காக மாற்றினர். மாற்றுவதற்கு ஒன்றுமில்லாதோர் பங்கீட்டையே நம்பினர். இவ்வேறுபாடு பிறப்புப் பதிவுகளிலும் தெரிகின்றது. பஞ்சத்திற்கு ஒன்பது மாதங்களின் பின் பிறப்புக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இக்குறைவு உடலுழைப்பாளர் குடும்பங்களிலேயே மிகுதியாக இருந்தது. கருத்தரிக்கும் ஆற்றலையே வர்க்கம் தீண்டியது எனலாம்.

இவ்வுண்மைகளை வெளிக்கொணர்ந்தோர் சீனா ஸ்ரைன், மேர்வின் சசர் என்னும் மருத்துவத் தம்பதியர். இவர்களது பின்னணி கவனத்திற்குரியது. தென்னாபிரிக்காவிற் பிறந்த இவர்கள், யொகானஸ்பேர்க் அருகே கறுப்பின மக்கள் வாழ்ந்த அலெக்சாந்திரா குடியிருப்பின் மருத்துவ நிலையத்திற் பணியாற்றியவர்கள். நிறவொதுக்கலை எதிர்த்து, 1950களின் நடுப்பகுதியில் நாட்டைவிட்டு இங்கிலாந்துக்கும், பின்னர் நியூயோர்க்குக்கும் சென்றவர்கள். சசர், மானிடவியலாளர் வில்லியம் வாற்சனுடன் இணைந்து 1962இல் எழுதிய நூலின் பெயரே ‘மருத்துவத்திற் சமூகவியல்’ என்பதாகும். கருவிலிருந்தபொழுது பட்டினிக்குள்ளான பிள்ளைகளின் அறிவாற்றல் குன்றுமா என்பதே ஒல்லாந்துப் பஞ்சம் பற்றி அவர்கள் முதலில் எழுப்பிய வினா. படைச்சேர்ப்புக்கு 19 வயதிற் பரிசோதிக்கப்பட்ட இளைஞரின் பதிவுகளை ஆராய்ந்து, அத்தகைய குறைவு காணப்படவில்லை என்று 1972இல் அறிவித்தனர்.

அதே பதிவுகளில் உயரமும் நிறையும் இருந்தன. 1976இல் ஜியான் பாவுலோ ரவெலி என்பவர் ஸ்ரைன், சசர் ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை 3 இலட்சம் இளைஞரை எடுத்துக்கொண்டது. தாய் கருவுற்ற முற்பாதியிற் பஞ்சத்துக்குள்ளானோரிடையே உடற்பருமன், பஞ்சம் தீண்டாதோரிடையே இருந்ததைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. கருக்காலத்தின் கடைசி மூன்று மாதத்திலும் பிறந்து சில மாதங்களிலும் பஞ்சத்துக்குள்ளானோரிடையே அது குறைவாக இருந்தது. ஒரே பட்டினி, அது தாக்கிய காலத்துக்கேற்ப எதிரெதிரான விளைவுகளைத் தந்தது. பசி பருமனைப் பிறப்பிக்கக்கூடும் என்ற இம்முரண், இயக்கவியலை ஏட்டிற் படித்தோருக்கு நல்லதொரு பாடமாகும்.

இங்கே ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். இந்த ஆய்வில் எந்தத் தாயிடமும் ‘நீ என்ன உண்டாய்’ என்று எவரும் கேட்கவில்லை. மகன் எந்த நகரில், எந்தத் திகதியிற் பிறந்தான் என்பதே போதுமானதாக இருந்தது. அவற்றிலிருந்தே தாயின் பசி கணிக்கப்பட்டது. அவ்வாறு கணிக்கக் கூடியதாக இருந்தமைக்குக் காரணம், அவளது உணவு அவளுடைய தெரிவாக இல்லாமல் இராணுவ நிர்வாகத்தின் ஆணையாக இருந்தமையே. தாயின் தெரிவு முற்றாக அழிக்கப்பட்ட இடத்திலேதான் தாயின் உணவு பற்றிய இவ்விஞ்ஞான உண்மை துலக்கமாகத் தெரிந்தது. (படைச்சேர்ப்புப் பதிவுகளாதலின் மகளிர் இதில் இடம்பெறவில்லை. ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனை ஒன்றிற் பிறந்தோரைத் தொடர்ந்த மற்றோர் ஆய்வு 1999இல் அவர்களைச் சேர்த்துக்கொண்டது: கருவின் தொடக்கத்திற் பஞ்சத்துக்குள்ளான பெண்கள் 50 வயதளவிற் பருத்திருந்தனர், ஆண்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை.)

பட்டினி தானாகவே பருமனை விளைவிப்பதுமன்று. 1941 முதல் 1944 வரை முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகரிற் கருவிலிருந்தோர் பற்றிய ஆய்வு 1997இல் வெளிவந்தது. நீரிழிவுக்கு இட்டுச்செல்லும் மாற்றங்களில் அவர்களுக்கும் மற்றையோருக்குமிடையே வேறுபாடு காணப்படவில்லை. ஒல்லாந்தில் ஆறு மாதப் பஞ்சத்தின் பின் உணவு மிகுந்தது. லெனின்கிராட்டிலோ முற்றுகைக்கு முன்னும் பின்னும் தட்டுப்பாடு நிலவியது. கருவறை எதிர்பார்த்த உலகிற்கும் பிறந்தபின் எதிர்ப்பட்ட உலகிற்கும் இடையேயுள்ள இடைவெளியே தீர்மானிக்கும் காரணி என்று பல ஆய்வாளர் இவ்வேறுபாட்டை விளக்குவர். அவ்வாறாயின் ஆராயப்பட வேண்டியது தாயின் தட்டு மட்டுமன்று. ஒரு சமுதாயம் அடுத்தடுத்த காலங்களில் உணவைப் பங்கிட்ட வரலாறு முழுவதுமாம்.

2008இல், பஞ்சத்தின்போது கருவான மனிதரின் மரபணுக்களுள் ஒன்றின்மேற் படிந்துள்ள இரசாயனக் குறிகள் 60 ஆண்டுகள் கழிந்தும் வேறுபட்டிருந்தமை அறிவிக்கப்பட்டது. லைசென்கோ இறுதியில் வென்றுவிட்டார் என்று மகிழ்ந்த இடதுசாரி நண்பர் சிலரை நான் அறிவேன். அவர்கள் பொறுத்தல் நன்று. லைசென்கோ செய்தது விஞ்ஞானமன்று. இக்குறிகளின் வேறுபாடும் சிறிது. அதுவே பருமனுக்குக் காரணமென்று நிறுவப்படவுமில்லை. உயிரியல் உண்மையை மறுப்பது எவ்வாறு பொருள்முதல்வாதம் ஆகாதோ, அவ்வாறே அதனை நமது விருப்பத்துக்கு நீட்டுவதும் ஆகாது.

இரண்டாவது ஆய்வு பசியிலன்றி மிகையிலே தொடங்குகின்றது. அன்றேல் அவ்வாறு தோன்றுகின்றது. பீமா மக்கள் தம்மை ‘அக்கிமெல் ஓதாம்’, அதாவது நதி மக்கள், என அழைப்பர். கீலா நதியிலிருந்து வாய்க்கால் வெட்டிச் சோளம், அவரை, பூசணி, பருத்தி ஆகியவற்றைப் பயிரிட்டவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிற் கலிபோர்னியாவுக்குப் பொன் தேடிச் சென்றோருக்கும் அமெரிக்கப் படைக்கும் கோதுமை விற்குமளவு வளம் பெற்றிருந்தவர்கள். 1859இல் அவர்களுக்கென ஓர் ஒதுக்கிடம் வரையறுக்கப்பட்டது. நிலம் இருந்தது, நீர் உறுதிசெய்யப்படவில்லை. 1870கள் முதல் மேல்நதியிற் குடியேறிய வெள்ளையர் நீரைத் தம் வயல்களுக்குத் திருப்பினர். நூற்றாண்டின் இறுதியில் ஆறு வறண்டது. நூற்றாண்டுக்கணக்கில் உழுதவர்கள் விறகு வெட்டி விற்றுப் பிழைத்தனர். 1930இல் திறந்துவைக்கப்பட்ட கூலிட்ஜ் அணையும் அவர்களுக்கு வாக்களித்த நீரை முழுமையாகத் தரவில்லை. வயலிலிருந்து வந்த உணவின் இடத்தை அரசாங்கம் வழங்கிய வெள்ளைக் கோதுமை மாவும், பன்றிக்கொழுப்பும், சீனியும் பிடித்துக்கொண்டன. உழைப்பும் போயிற்று, உணவும் மாறிற்று.

1965 முதல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம் அவர்களைத் தொடர்ச்சியாக ஆராய்ந்தது. உலகிலேயே மிக உயர்ந்த நீரிழிவு விகிதங்களுள் ஒன்று அவர்களிடையே காணப்பட்டது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த விளக்கம் இங்கு உதவிற்று: தாயின் குருதியிலுள்ள மிகைக் குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடைகின்றது, தாயின் இன்சுலின் கடப்பதில்லை, ஆகவே சிசு தானே மிகுதியாக இன்சுலினைச் சுரந்து கொழுப்பைச் சேர்க்கின்றது. 1983இல் வெளியான பீமா ஆய்வு இதன் நீண்டகால விளைவைக் காட்டிற்று. கருவுற்றிருந்தபொழுது நீரிழிவுடையோராயிருந்த தாய்மாரின் பிள்ளைகளுள் 58 வீதத்தினர், 15–19 வயதில், உரிய நிறையின் 140 வீதத்தையோ அதற்கு மேலோ கொண்டிருந்தனர். நீரிழிவற்ற தாய்மாரின் பிள்ளைகளில் அது 17 வீதம். அப்பேற்றின் பின்னரே நீரிழிவுக்குள்ளான தாய்மாரின் பிள்ளைகளில் 25 வீதம். மரபுரிமை மட்டுமே காரணமாயின் முதலாம் தொகுதிக்கும் மூன்றாம் தொகுதிக்கும் இத்துணை வேறுபாடு இருத்தலாகாது. 2000இல் வந்த ஆய்வு இதனை மேலும் கூர்மையாக்கிற்று: ஒரே தாயின் பிள்ளைகளுள், அவளுக்கு நீரிழிவு வந்தபின் பிறந்தோர், அதற்குமுன் பிறந்த உடன்பிறப்புக்களைக் காட்டிலும் பருத்திருந்தனர்.

ஆகவே ஒரு சுழற்சி இயங்குகின்றது. நீரிழிவுடைய தாயின் மகள் பருத்து, இளவயதிலேயே நீரிழிவுக்குள்ளாகி, தானும் கருவுறுகின்றாள். நதி திருப்பப்பட்ட அநீதி இவ்வாறு தாயிடமிருந்து மகளுக்குக் கைம்மாறுகின்றது. ஆனால் ஆய்வுலகின் கவனம் நெடுங்காலம் வேறிடத்தில் இருந்தது. 1962இல் ஜேம்ஸ் நீல் ‘சிக்கன மரபணு’ என்ற கருதுகோளை வெளியிட்டார். பஞ்சங்களினூடே உயிர்பிழைத்தோரின் உடல் கொழுப்பைச் சேமிக்கப் பழகியது என்பது அதன் சாரம். இது பீமா மக்கள்மீது ஏற்றப்பட்டது. குற்றம் குருதியிற் புகுத்தப்பட்டது. மெக்சிக்கோ மலைப்பகுதியிலுள்ள மைக்கோபா என்ற இடத்தில், இவர்களுக்கு மரபுவழி நெருங்கிய பீமா மக்கள் உடலுழைப்புடன் கூடிய விவசாய வாழ்வைத் தொடர்ந்தனர். 2006இல் வெளியான ஒப்பீட்டின்படி நீரிழிவு அவர்களிடையே 6.9 வீதம், அரிசோனாவில் 38 வீதம்.

நமக்கு அண்மையிலுள்ள ஓர் ஆய்வையும் தொட்டுச் செல்கிறேன். இந்தியாவின் பூனா நகருக்கருகே ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கிய ஆய்வு, மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையில் நடந்தது. அங்கு பிறந்த சிசுக்களின் சராசரி நிறை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. இச்சிறு சிசுக்களிற் குறைந்திருந்தது தசையே. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிவினுள் மறைந்திருக்கும் பருமன் அது. அதே ஆய்வின் மற்றொரு பகுதி, நீர் சுமத்தலும் வயல்வேலையும் மிகுந்த தாய்மாரின் சிசுக்கள் மேலும் சிறுத்திருந்தமையைக் காட்டிற்று. ‘கர்ப்பிணிகள் போதிய உடலசைவுடன் இருத்தல் வேண்டும்’ என்ற சுவரொட்டியை இப்பெண்களின்முன் வைத்துப் பார்க்க வேண்டும்.

அறிவுரையே வேண்டாமென்பது என் கருத்தன்று. கர்ப்பிணி புகைபிடித்தல் சிசுவுக்குத் தீங்கு. குருதியில் வெல்லத்தின் அளவைப் பரிசோதித்தல் இன்றியமையாதது. வெயிலில் வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாதின் பணியை எள்ளும் உரிமை நூலகத்தில் அமர்ந்திருக்கும் எனக்கில்லை. அவர் தம்முன் இருக்கும் பெண்ணிடமே பேச முடியும். நதியைத் திருப்பியவனிடம் அவரால் எவ்வாறு பேசவியலும்? நான் வினவுவது விஞ்ஞானக் கட்டுரைக்கும் சுவரொட்டிக்கும் இடையில் நடந்த மொழிபெயர்ப்பையே. கட்டுரையில் ‘பஞ்சத்துக்குள்ளான தாய்’ செயப்படுபொருளாக நின்றாள். சுவரொட்டியில் அவளே எழுவாயானாள். தடைவிதித்த நிர்வாகமும், மேல்நதியின் குடியேற்றவாசியும், பன்றிக்கொழுப்பைப் பங்கிட்ட அரசாங்கமும் வாக்கியத்திலிருந்தே நீங்கிவிட்டனர். வரலாற்றைத் தனிமனித நடத்தையாகக் காட்டும் இதுவே கருத்துநிலையின் வழமையான தொழிற்பாடு. ஆய்வாளரிடையேயும் இவ்வுணர்வு எழுந்துள்ளது: 2014இல் ‘நேச்சர்’ இதழில் அறிஞர் எழுவர், கருவறை பற்றிய இத்தகைய முடிவுகளைக் கொண்டு தாய்மாரைப் பழிக்க வேண்டாமென எழுதினர்.

கீலா நதிக்கரையின் கதைக்கு ஒரு பின்தொடர்ச்சி உண்டு. நீதிமன்றங்களிலும் பேச்சுவார்த்தை மேசைகளிலும் பல தசாப்தங்கள் போராடியதன் பின், 2004இல் ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் அரிசோனா நீர்த் தீர்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. கொலராடோ நதியிலிருந்து கால்வாய் வழியே வரும் நீரிற் பெரும்பங்கு ஒன்று நதி மக்களுக்குரியதாயிற்று. வாய்க்கால்கள் மீண்டும் கட்டப்பட்டன. பழைய அவரையினங்கள் சில வயல்களுக்குத் திரும்பின. அச்சட்டம் நிறைவேறிய ஆண்டில் அங்கு பிறந்த பிள்ளைகள், ரவெலி ஆராய்ந்த ஒல்லாந்து இளைஞரின் 19 வயதை இப்பொழுது கடந்துள்ளனர்.